திறக்குமுன் கேட்கப்பட வேண்டும்

(திருச்சிராப்பள்ளி எடமலைப்பட்டி புதூரில், ஊர்ப் பெருமக்களும் தாய்மாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



கள்ளின் தீமையை விரித்துரைப்பதற்காக இக்கூட்டம் கூட்டப்பெறவில்லை. அத்தீமையை இங்கு அமர்ந்திருக்கும் தாய்மார் எந்தப் புலவரினும் நன்கு அறிவர். வாரக் கூலி வீடு வந்து சேராததும், அடகு வைத்த தோடு மீளாததும், பிள்ளை பாதியில் பள்ளியை விட்டு நின்றதும் எதனால் என்று அவர்களுக்கு எவரும் நூற்சான்று காட்ட வேண்டுவதில்லை. இங்கு எண்ணத்தக்கது வேறொன்று. ஒரு தெருவில் மதுக்கடை வைக்கலாமா, வைக்கலாகாதா என்று முடிவு செய்யும் பொழுது, அத்தெருவில் வாழ்வோரின் சொல் எப்பொழுது கேட்கப்படுகிறது? யாரால் கேட்கப்படுகிறது? கேட்ட பின் என்ன ஆகிறது? இம்மூன்று வினாக்களே இவ்வுரையின் பொருள்.

‘குடிப்பவன் குடிக்கிறான், அடுத்த வீட்டானுக்கு அதில் என்ன உரிமை?’ என்று கேட்பார் உளர். அவர்க்கு வள்ளுவப் பெருந்தகை நூலமைப்பினாலேயே விடை வைத்துச் சென்றார். புலால் மறுத்தலை அவர் அறத்துப்பாலில், துறவறம் கூறுமிடத்தில் வைத்தார். கள்ளுண்ணாமையையோ அங்கு வைத்திலர். பொருட்பாலில் 93-ஆம் அதிகாரமாக, சூதிற்கு முன்னே வைத்தார். அரசும் அமைச்சும் நாடும் அரணும் பொருளும் படையும் பேசப்படும் பால் அது. புலால் மறுத்தல் ஒருவன் தன் அருளுடைமையால் மேற்கொள்ளும் நோன்பு. கள்ளோ, குடியைத் தின்று, ஊரைத் தின்று, நாட்டின் வலிமையையே தின்பது. ஆகலின் அது தனி மாந்தன் ஒழுக்கத்தோடு நின்றுவிடாமல் நாட்டு முறையைச் சார்ந்ததாயிற்று. நாட்டு முறையைச் சார்ந்த ஒன்றில் நாட்டு மக்களுக்குச் சொல்லுரிமை இல்லை என்பது எங்ஙனம் பொருந்தும்?

இனி, இந்நாட்டு வரலாற்றைச் சிறிது நோக்குக. மதுவிலக்குச் சட்டம் 1937-இல் இயற்றப்பெற்று, அவ்வாண்டு அக்தோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் முதன்முதலாகச் செயற்பட்டது. 1948-இல் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. 1971-இல் விலக்கு தளர்த்தப்பெற்றுக் கடைகள் திறந்தன, 1974-இல் மூடின, 1981-இல் மீண்டும் திறந்தன. 1983-இல் மொத்த வாணிகத்தை அரசின் கழகம் ஏற்றது. 2003-இன் இறுதியில் சில்லறை விற்பனையும் அக்கழகத்தின் கைக்கே வந்தது. திறந்ததும் மூடியதும் யாவும் கோட்டையில் எடுத்த முடிவுகள். ஆட்சியைத் தேர்ந்தெடுத்தவர் மக்களே என்பது உண்மைதான். ஆயினும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆட்சியைத் தேர்ந்தெடுப்பது வேறு. தன் வீட்டு வாயிலுக்கு எதிரே கடை வைக்க இசைவது வேறு. முன்னதற்கு வாக்குச்சீட்டு உண்டு. பின்னதற்கு என்ன உண்டு?

முன்னாளில் மறுப்புக்கு ஒரு நாளேனும் இருந்தது. கடைகள் ஏலத்தில் விடப்பட்ட காலம் அது. ஏலத்திற்கு ஒரு நாள் உண்டு. ஓர் இடம் உண்டு. ஊரறிந்த அறிவிப்பு உண்டு. 1992-இல் ஆந்திர நாட்டு நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர்ப் பெண்கள், துபகுண்டா என்னும் ஊரில் மூண்ட கனலைக் கையிலேந்தி, சாராய ஏலம் நடந்த இடங்களுக்கே சென்று மறித்தனர். ஏலங்கள் தள்ளிப்போயின. அடுத்த ஆண்டு அக்தோபரில் அம்மாநிலம் முழுமையும் சாராயம் தடை செய்யப்பட்டது. அப்பெண்கள் கண்ட நுட்பம் யாது? கடை திறந்த பின் கதவை இடிப்பதனினும், உரிமம் எழுதப்படும் முன் கையைப் பிடிப்பதே வலிது என்பதாம். நம் ஈரோட்டில் 1921-இல் நாகம்மையாரும் கண்ணம்மையாரும் கள்ளுக்கடை மறியலில் முன்னின்ற வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. தமிழ்ப் பெண்ணுக்கு இப்போர் புதிதன்று.

இன்று அந்த ஏல நாளும் இல்லை. கடை வைப்பது அரசின் கழகம். ‘தமிழ்நாடு மாநில வாணிகக் கழகம்’ என்பது அதன் பெயர். அப்பெயரில் மது என்னும் சொல்லும் இல்லை, சாராயம் என்னும் சொல்லும் இல்லை. ஆங்கிலப் பெயரின் தலையெழுத்துகளைக் கோத்து ‘டாசுமாக்கு’ என்று பலகையில் எழுதிவிட்டனர். தமிழ் மக்கள் நாள்தோறும் பலுக்கும் அச்சொல்லுக்குத் தமிழிலும் பொருளில்லை, ஆங்கிலத்திலும் பொருளில்லை. விற்பது இன்னதென்று சொல்லக் கூசும் வாணிகம், வைப்பது இவ்விடத்திலென்று முன்னரே சொல்லவும் கூசுவதில் வியப்பென்ன? ஒரு வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கும். இரும்புக் கம்பி வலை பொருத்தப்படும். கேட்டால் கிடங்கு என்பர். பெட்டிகள் வந்திறங்கும் நாளில்தான் அண்டை வீட்டார்க்கு உண்மை விளங்கும். அதற்குள் வாடகை ஒப்பந்தம் முடிந்திருக்கும், முன்பணம் கைமாறியிருக்கும். அதன்பின் முறையிடுவோர் ஒரு திட்டத்தை மறுப்போராகக் கருதப்படார்; நடக்கும் வாணிகத்தைத் தடுப்போராகவே கருதப்படுவர்.

இவ்விடத்தில் இன்னொரு முடிச்சும் உளது. தனியார் ஒருவர் உரிமம் வேண்டி வந்தால், அரசு நடுவில் நின்று இருபாலும் கேட்கலாம். அரசே வணிகனாயின் நடுவில் நிற்பவர் யார்? கடைக்கு இடம் தேடுவது அரசின் கழகம். உரிமம் வழங்குவது அரசின் துறை. மக்கள் முறையீட்டைக் கேட்பவர் அரசின் மாவட்ட ஆட்சியர். 2023-24-ஆம் ஆண்டில் இவ்வாணிகத்தால் அரசுக்கு வந்தது 45,855 கோடி உருவா. அதிகாரிகள் நேர்மையற்றவர் என்று இங்கு எவரும் பழி கூறவில்லை. தராசைப் பிடித்த கையே சரக்கையும் விற்குமாயின், முள் எப்பக்கம் சாயும் என்று ஐயுறுவது மக்கள் குற்றமன்று, அமைப்பின் குற்றம்.

கேட்கும் வழி செவ்வனே இல்லாவிடத்து நேர்வது என்ன என்பதை 2017-ஆம் ஆண்டு காட்டியது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று இந்திய உச்சமுறை மன்றம் 2016 திசம்பர் 15-இல் தீர்ப்புரைத்தது. இருபதாயிரத்திற்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட ஊர்களில் அத்தொலைவு 220 மீட்டர் என்று 2017 மார்ச்சு 31-இல் திருத்தியது. தமிழ்நாட்டில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் ஏப்பிரல் மாதத் தொடக்கத்தில் மூடப்பட்டன. மூடிய கடைகள் ஓய்ந்திருந்தனவா? சாலையை விட்டு ஊருக்குள் புகுந்தன. வயலோரத்தில், குடியிருப்பின் நடுவில் இடம் தேடின. ஊர்தோறும் பெண்கள் வெளிவந்து சாலையில் அமர்ந்தனர். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஏப்பிரல் 11-ஆம் நாள், மறியலில் நின்ற பெண்ணொருவரைக் காவல் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததை நாடே படமாகக் கண்டது. அத்தாய் விரும்பியா சாலைக்கு வந்தார்? எழுதிக் கொடுக்கவும், எழுதியதற்கு மறுமொழி பெறவும் உரிய காலத்தில் ஒரு வாயில் திறந்திருந்தால், அவர் தம் வீட்டுவேலையை விட்டு வெயிலில் அமர வேண்டிய தேவை என்ன?

அதற்கு ஈராண்டு முன்னர், 2015 சூலை 31-இல், குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் பள்ளிக்கும் வழிபாட்டிடத்திற்கும் அருகிலிருந்த கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தின் மேலேறிப் போராடிய காந்தியப் பெரியார் சசிபெருமாள் உயிர்துறந்தார். ஒரு கடையை இடம் மாற்றுவதற்கு ஓர் உயிர் விலையா? ஒரு தாளில் எழுதி முடிய வேண்டிய செய்தி ஒரு கோபுரத்தின் உச்சிவரை ஏற வேண்டி வந்ததெனின், அத்தாளுக்கு மதிப்பில்லை என்பதே பொருள்.

இனி, எழுதப்பெற்ற விதி யாது கூறுகிறது? 2003-ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதி, மாநகராட்சி நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டிடத்திலிருந்தும் கல்விக்கூடத்திலிருந்தும் 50 மீட்டருக்குள்ளும், பிற பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் கடை கூடாது என்கிறது. ஐம்பது மீட்டர் என்பது எவ்வளவு? பள்ளி மணியடித்தால் தெளிவாகக் கேட்கும் தொலைவு. ஒரு சிறுவன் மூச்சு வாங்காமல் ஓடிவிடும் தொலைவு. அவ்வளவேனும் காப்புண்டா எனின், வணிகப் பகுதி என்றோ தொழிற்பகுதி என்றோ நகரமைப்புத் துறை குறித்த இடங்களுக்கு இத்தொலைவு பொருந்தாது என்று அவ்விதியே ஒரு விலக்கும் வைத்துள்ளது. மேலும் அத்தொலைவு விதி பெயர் சுட்டுவன கோயிலும் பள்ளியுமே. மக்கள் வாழும் வீட்டை அது சுட்டவில்லை. கடவுளுக்கு ஐம்பது மீட்டர் உண்டு. குடும்பத்திற்கு ஒரு சாணும் இல்லை!

எடமலைப்பட்டி புதூர் மக்கள் இதனைக் கூர்ந்து எண்ண வேண்டும். இவ்வூர் மாநகராட்சிக்குள் இருப்பது. இதனையடுத்த பஞ்சப்பூரில் 2025-இல் பெரும் பேருந்து முனையம் திறக்கப்பெற்றது. மதுரைச் சாலையை ஒட்டி மனைகள் கடைகளாகும், கடைகள் விடுதிகளாகும். வளர்ச்சி வருக! ஆயின் குடியிருப்பாயிருந்த தெரு வணிகப் பகுதியென வரைபடத்தில் நிறம் மாறுகின்ற அன்றே, அதனைக் காத்துநின்ற ஐம்பது மீட்டரும் மறைந்துவிடும் என்பதை மறத்தலாகாது. அரசின் கடை மட்டுமன்று. மனமகிழ் மன்றங்களுக்கும் விண்மீன் விடுதிகளுக்கும் தனியுரிமங்கள் உண்டு. எஃப்.எல்.2, எஃப்.எல்.3 என்று எழுத்தும் எண்ணுமாக வழங்கும் அவை இன்னவை என்று எத்தனை பேர் அறிவர்? அறியாதவனால் மறுக்க இயலாது.

சிற்றூர்க்காரர்க்கு ஊரவை உண்டு. ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. மதுக்கடை வேண்டா என்று முடிவெழுதிய ஊரவைகள் பல. நகரத்தார்க்கு அவ்வாய்ப்பு நெடுங்காலம் இல்லை. 2022 நவம்பர் முதல் நாளன்று தொடங்கிய பகுதி அவைகள், மாநகராட்சி வட்டங்களில் வாழ்வோர்க்கும் கூடிப் பேச ஓர் இடம் தந்தன. குழாய், விளக்கு, சாய்க்கடை என்பவற்றோடு இதனையும் அங்குப் பேசுக. கூடி எடுக்கும் முடிவுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்று வழக்கறிஞர் வாதிடட்டும். கூடாத ஊருக்கு ஒரு வலிமையும் இல்லை என்பதில் வாதமே இல்லை.

பிற நாடுகளும் பிற மாநிலங்களும் இதனை எவ்வாறு நடத்துகின்றன? மது விற்பனையை மறுக்காத இங்கிலாந்திலேயே, 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புதிய உரிமம் வேண்டுவோர் அவ்விடத்தின் வாயிலில் வெளிர்நீலத் தாளில் அறிவிப்பு ஒட்டி, 28 நாள் வைத்திருத்தல் வேண்டும்; உள்ளூர்ச் செய்தித்தாளிலும் வெளியிடல் வேண்டும். அந்நாள்களுக்குள் எவரும் எழுத்தில் மறுப்புரைக்கலாம். தக்க மறுப்பு வந்தால் உள்ளாட்சி மன்றம் இருபாலாரையும் வைத்துக் கேட்டே முடிவு செய்யும். நியூசிலாந்து 2023-இல் தன் சட்டத்தைத் திருத்தி, மறுப்புரைக்கும் காலத்தை 15 வேலை நாளிலிருந்து 25 வேலை நாளாக நீட்டியது. எவரும் மறுக்கலாம் என்று வாயிலை அகலத் திறந்தது. மறுப்புரைக்க வந்த எளியோரை வணிகரின் வழக்கறிஞர் குறுக்கு வினாவால் மடக்கும் வழக்கத்தையும் நீக்கியது. குடிக்கும் நாடுகளே குடிமக்கள் சொல்லுக்கு இத்துணை இடம் கொடுக்கின்றன!

கடல் கடந்து செல்லவும் வேண்டா. மகாராட்டிரத்தில் 2008-ஆம் ஆண்டு ஆணைப்படி, ஊரிலோ நகர வட்டத்திலோ உள்ள பெண் வாக்காளருள் பாதிக்கு மேற்பட்டோர் மறைவாக்களித்து வேண்டா என்றால் கடை மூடப்பட வேண்டும். சீட்டில் நிற்கும் புட்டியும் படுத்த புட்டியும் படமாக இருக்கும். எழுத்தறியாத தாயும் படுத்த புட்டியில் முத்திரையிட்டுக் கடையைப் படுக்க வைத்துவிடுவாள். இராசத்தானில் 1975 முதலே அத்தகைய விதியுண்டு. 2016 மார்ச்சில் இராசசமந்து மாவட்டத்துக் கச்சபலி என்னும் ஊரில் வாக்கெடுப்பு நடந்தது. மொத்த வாக்காளர் 2,886 பேர்; வாக்களித்தோர் 2,039 பேர்; மூடுக என்றோர் 1,937 பேர். கல்லெறியில்லை, தடியடியில்லை, கடை மூடிற்று. அச்சிற்றூருக்குக் கைகூடியது, குடவோலையிட்டு ஊராண்ட மரபினர்க்குக் கைகூடாதா?

இதற்கு மாறுரைப்போர் இருவகையினர். வருவாய் என்ன ஆகும் என்பார் ஒருவர். குடிவிலக்குக்கு முயல்வது அரசின் கடமை என்று இந்திய அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவே கூறுகிறது. கடமை இவ்வாறிருக்க, ஒரு தெருவார் வேண்டா என்ற இடத்தில் கடை வையாமைக்கு வருவாயைக் காரணம் காட்டுவது முறையன்று. கடையை மறுத்தால் கள்ளச்சாராயம் பெருகும் என்பார் மற்றவர். 2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்ட துயரத்தை எவரும் மறந்திலர். ஆயின் தமிழ்நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் அரசுக் கடைகள் திறந்திருந்த காலத்தில்தான் அது நேர்ந்தது. கள்ளச்சாராயத்தைத் தடுப்பது காவலின் கண், கடைகளின் எண்ணிக்கையன்று. மேலும் இங்குக் கேட்கப்படுவது, கடை இவ்விடத்தில் வேண்டுமா என்று திறக்குமுன் மக்களைக் கேளுங்கள் என்பது மட்டுமே. இதனைக் குடிப்பவரும் மறுக்க மாட்டார். அவர் பிள்ளையும் அதே தெருவில்தான் பள்ளிக்குச் செல்கிறது.

ஆகவே வேண்டுவன இவை. கடையோ, குடிக்கூடமோ, மன்றமோ, விடுதியோ, எதற்கு உரிமம் வழங்கும் முன்னும் முப்பது நாள் முன்னறிவிப்பு அவ்விடத்தின் வாயிலில், தூய எளிய தமிழில், சாலையில் நின்று படிக்கத்தக்க பெரிய எழுத்தில் வைக்கப்பட வேண்டும். வட்ட அலுவலகத்திலும் பங்கீட்டுக் கடையிலும் அதன் படி ஒட்டப்பட வேண்டும். அருகிலுள்ள பள்ளி, கோயில், மருத்துவமனை ஆகியவற்றின் தொலைவு அதில் குறிக்கப்பட வேண்டும். மறுப்புரைக்க ஒற்றைத் தாளில் படிவம் வேண்டும், கட்டணம் கூடாது, வழக்கறிஞர் வேண்டா. கேட்பு அப்பகுதியிலேயே, கூலிக்குச் சென்றவர் திரும்பும் மாலைப் பொழுதில் நடைபெற வேண்டும். கேட்போர் குழுவில் விற்பனைத் துறையைச் சாராத நடுவர் ஒருவரும் பெண்களும் இருத்தல் வேண்டும். முடிவு காரணங்களோடு தமிழில் எழுதித் தரப்பட வேண்டும். அம்முடிவு வரும்வரை ஒரு புட்டியும் இறங்கலாகாது. பகுதி மக்களுள் பத்து விழுக்காட்டினர் கேட்டால் மறைவாக்கெடுப்பும் வேண்டும். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு கொண்டதன்று. மனம் வேண்டும், அவ்வளவே.

இவை சட்டமாகும் வரை கைகட்டி இருத்தல் கூடாது. இன்றே செய்யத்தக்கன உள. தெருவில் புதிய கட்டடம் ஐயத்திற்கிடமானால், கடை வரும் வரை காத்திராது, தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இன்படி பத்து உருவா கட்டணத்தோடு எழுதிக் கேளுங்கள். அவ்விடம் எப்பகுதியென வகுக்கப்பட்டுள்ளது, யார் அளந்தார், எப்புள்ளியிலிருந்து எப்புள்ளிவரை அளந்தார், அளவு எவ்வளவு என்று தனித்தனி எண்ணிட்டுக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் விடை தருதல் அவர்தம் கடமை. தெருவின் வரைபடம் ஒன்று தீட்டுங்கள். முறையீட்டில் வீட்டெண்ணோடு கையொப்பம் பெறுங்கள். ஒருவர் கையால் பலர் பெயர் எழுதலாகாது. பொய்க் கையொப்பம் ஒன்று மெய்க் கையொப்பம் நூற்றைக் கெடுக்கும். வசைச்சொல் ஒன்றும் வேண்டா. தொலைவும் நாளும் நேர்ந்தனவும் மட்டும் எழுதுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் நேரில் கொடுத்து, பெற்றமைக்குச் சான்று வாங்குங்கள். மறுமொழி வாராவிடின் நாள் குறித்து நினைவூட்டுங்கள். ஆட்சியர் மறுத்தால் மதுவிலக்குத் துறை ஆணையரிடமும், அங்கும் முறை கிடையாவிடின் உயர்முறை மன்றத்திலும் இத்தாள்களே உங்களுக்காகப் பேசும். சாலையில் அமர்வது இறுதிப்படை. அப்பொழுதும் கல்லெடுத்தல் கூடாது. தாளெடுத்தவன் கையில் வழக்கு நிற்கும். கல்லெடுத்தவன் மேல் வழக்கு நிற்கும்.

தாய்மாரே! இவ்வட்டத்தில் தெருவுக்கு ஒருவராகப் பொறுப்பேற்று, அடுத்த பகுதி அவைக்கு முன் ஒவ்வொரு தெருவின் பள்ளியையும் கோயிலையும் குடியிருப்பையும் அளந்து எழுதி வையுங்கள். ஊரின் எல்லையை ஊரார் அறிந்து வைத்திருந்தால், ஊரறியாமல் உள்ளே நுழைவது எவர்க்கும் எளிதன்று. எழுத்தறிந்த இளைஞர்கள் அத்தாய்மார்க்குத் துணை நிற்க. கேளாமல் திறந்த கதவை மூடுவது கடினம். கேட்குமுன் திறவாமல் காப்பது எளிது. அவ்வெளிய பணியை நாளை விடியலிலேயே தொடங்குக!